குட்டித் தேளுக்கு என்ன பேரு? 'எம்பரர்' டப்பாவுக்குள்ள இருந்தது யாரு?

"அக்கா, முழிச்சிருக்கியா? இது என்ன தேள்னு பார்த்துச் சொல்லேன்..."

போன அக்டோபரில் ஒருநாள் ராத்திரி 11.40-க்கு வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் இது. அனுப்பியவன் என் சித்தி பையன். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். கூடவே இரண்டு போட்டோக்கள். சாப்பாடு பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பா போல இரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஈர மண், ஒரு மரப்பட்டைத் துண்டு, ஒரு குட்டித் தேள்.

"டேய்... உன் ரூம்லயாடா இது?"

"ஆமாக்கா. ஹவுஸ்மேட்டோடது. அவனுக்கு ஸ்காட்லாந்துல வேலை கிடைச்சு கிளம்பிட்டான். ரெண்டுமே எம்பரர் ஸ்கார்ப்பியன், ஒண்ணும் பண்ணாது, வாரத்துக்கு ஒரு பூச்சி போட்டா போதும்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி தெரியலையே..."

தூக்கம் போய்விட்டது. 'வாரம் ஒரு சந்தேகம்' எழுதுகிற அக்கா என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கூப்பிட்டுக் கேட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான். அடுத்த மூன்று வாரம் அவன் அங்கேயும் நான் இங்கேயும் இந்த இரண்டு குட்டிகளோடுதான் வாழ்ந்தோம். அப்படித் தெரிந்துகொண்டதுதான் இந்த வாரக் கட்டுரை.

தேளை எதுக்குங்க வளர்க்கிறாங்க?

நம் ஊரில் தேளைப் பார்த்தால் கை தானாகச் செருப்பைத் தேடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது ஒரு பொழுதுபோக்கு. குரைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம். சின்ன ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வசதி.

இந்தக் கூட்டத்தின் சூப்பர் ஸ்டார் எம்பரர் தேள். அறிவியல் பெயர் பாண்டினஸ் இம்பரேட்டர். சொந்த ஊர் கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கா. கறுகறுவென்று 20 செ.மீ. வரை வளரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் விஷம் வீரியம் குறைந்தது. அதனால்தான் 'முதல் தேள்' வாங்குகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள்.

ஆனால், செல்லப் பிராணி வியாபாரத்துக்காகக் காட்டிலிருந்து ஏகப்பட்ட எம்பரர்கள் பிடிக்கப்பட்டன. அழிந்துவிடக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995-ல் இதைச் சேர்த்தார்கள். அதாவது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. கட்டுப்பாடு வந்தால் கூடவே 'அது மாதிரியே இருக்கும் இன்னொன்று'ம் சந்தைக்கு வரும். தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் பக்கத்து ஆசியக் காட்டுத் தேள்கள் அப்படித்தான் எம்பரருக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு இருக்கின்றன. வளர்ந்த தேளிலேயே இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. குட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

குட்டியில் ஏன் இவ்வளவு குழப்பம்?

"தேள் குஞ்சு ஆத்தா வயித்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். அதைப் போய் வளர்ப்பாங்களா?" இது எங்கள் ஆச்சி. தம்பி விஷயத்தைச் சொன்னதும் முதல் கமென்ட் அதுதான்.

ஆச்சிக்கு மட்டுமல்ல, நிறைய பேருக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் தேள் முட்டையிடாது, குட்டி போடும். வயிறு கிழிவதெல்லாம் இல்லை. பிறந்த குட்டிகள் ஒவ்வொன்றாக அம்மா முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்போது அவை வெள்ளை வெளேர் என்று, அரிசிமணி போல மெத்தென்று இருக்கும். முதல் தோலை உரிக்கும் வரை, அதாவது ஒன்று முதல் மூன்று வாரம் வரை, அம்மா முதுகுதான் தொட்டில். பிறகுதான் இறங்கி நடக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை வளரும்போதும் தோலை உரிக்க வேண்டும். பெரும்பாலான தேள்கள் பெரிதாகி முடிப்பதற்குள் ஐந்து முதல் ஏழு முறை உரிக்கும். எம்பரர் முழு வளர்ச்சி அடையச் சில வருடங்களே ஆகும். இந்த இடைப்பட்ட காலத்தில் நிறம் மாறும், உடம்பின் அளவு விகிதம் மாறும். வளர்ந்த பிறகு கறுப்பாக இருக்கப்போவது இப்போது பழுப்பாக இருக்கலாம். பெரிதானால் குண்டாகப் போகும் இடுக்கி, இப்போது ஒல்லியாக இருக்கலாம். வால் நுனிக் குமிழ் வெளுத்திருந்தால் அது ஆசியத் தேள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எம்பரர் குட்டிக்கும் அது வெளுத்துத்தான் இருக்கும்.

பிறந்த குழந்தையைப் பார்த்து, "மூக்கு அப்பா மாதிரி, நெத்தி தாத்தா மாதிரி" என்று சொல்வோமே... அந்த அளவுக்குத்தான் குட்டித் தேளை நிறம் பார்த்துச் சொல்வதும்!

தம்பி அதற்குள் மூன்று ஆப்களில் போட்டோவைப் போட்டுப் பார்த்திருந்தான். மூன்றும் மூன்று பெயர் சொல்லின. ஒன்று 'நண்டு' என்றது. போட்டோவில் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து யூகிக்கும் எதற்கும் இந்தக் கதிதான்.

"அக்கா, யுவி டார்ச் அடிச்சா ஒவ்வொரு தேளும் ஒவ்வொரு கலர்ல மின்னுமாமே?"

பாதி உண்மை. புற ஊதா ஒளியில் தேள் பச்சை நீலமாக மின்னும், அழகாகவே இருக்கும். ஆனால், கிட்டத்தட்ட எல்லாத் தேளும் அப்படித்தான் மின்னும். இருட்டில் தேளைக் கண்டுபிடிக்க அது உதவும், என்ன தேள் என்று கண்டுபிடிக்க உதவாது. இன்னொன்று... அம்மா முதுகில் இருக்கும் குட்டியும், அப்போதுதான் தோல் உரித்த தேளும் சரியாக மின்னாது. தோல் இறுகின பிறகுதான் வெளிச்சம் வரும். மின்னவில்லை என்றால் தேள் இல்லை என்று நினைத்துக் கை வைத்துவிடக் கூடாது.

'என்ன இனம்?' என்பது இரண்டாவது கேள்வி

வெளிநாட்டுத் தேள்களுக்கும் பாம்புகளுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை அவன் ஊர்ப் பக்கமே தேடிப் பிடித்தான் தம்பி. அவர் முதலில் சொன்னது: "இனத்தை விடுங்க. எந்தக் குடும்பம்னு பார்ப்போம்."

உலகத்தில் 2,500-க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் இருக்கின்றன. மனித உயிருக்கு உலை வைக்கக்கூடியவை அதில் சில டஜன்தான். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே 'பூத்திடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ச் செந்தேளும் அந்தக் குடும்பம்தான். எம்பரரும் ஆசியக் காட்டுத் தேளும் அதில் இல்லை. ஆக, ஒரு குட்டியைக் கையில் வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது பூத்திடேயா இல்லையா என்பதுதான். பெயர் அப்புறம்.

அதை எப்படிப் பார்ப்பது? தேளைத் தொடவே வேண்டாம் என்றார் டாக்டர். அடிப்பாகம் தெளிவாகத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, நீளமான பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளி, தேளை அதில் இறங்கவிட வேண்டும். மூடியைப் போட்டுவிட்டு, டப்பாவைத் தூக்கிக் கீழிருந்து போட்டோ எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருந்தால் அளவும் தெரியும்.

கீழிருந்து பார்த்தால் கால்கள் சேரும் இடத்துக்கு நடுவில் ஒரு சின்னத் தட்டு தெரியும். நம் நெஞ்செலும்பு இருக்கும் இடம் போல. பூத்திடே குடும்பத்தில் அது பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். எம்பரர், ஆசியக் காட்டுத் தேள் குடும்பத்தில் ஐங்கோணம். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சீப்பு மாதிரி ஒரு உறுப்பு இருக்கும். தேளுக்கு மட்டுமே உள்ள உறுப்பு அது. தரையைத் தடவி வாசனை பிடிக்க உதவுவது. அந்தச் சீப்பில் எத்தனை பல் என்பது, குட்டி முதல் தோலை உரித்த பிறகு வளர வளர மாறுவதில்லை. நிறம் மாறும், இந்த எண்ணிக்கை மாறாது. அதனால்தான் விஞ்ஞானிகள் இதை எண்ணுகிறார்கள்.

'இடுக்கி ஒல்லி, வால் குண்டு என்றால் ஆபத்து' என்று ஒரு விதி சொல்வார்கள். உஷாராவதற்கு நல்ல விதிதான். தீர்ப்பு சொல்ல அது போதாது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்து ரோமத் தேளுக்கும் வால் தடிமன்தான். ஆனால், அது பூத்திடே இல்லை, கொட்டினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. குட்டிகளுக்கு இடுக்கியே இன்னும் தடிக்கவில்லை. அதனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்து நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே ஒரு அடையாளம் ஆபத்து என்று சொன்னால், ஆபத்து என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது டப்பா

மறுநாள் தம்பி எடுத்த போட்டோக்கள் வந்தன. முதல் டப்பாவில் இருந்தது சாக்லேட் நிறம், உடம்புக்குப் பெரிய இடுக்கி, ஐங்கோணத் தட்டு. சரி.

இரண்டாவது... மஞ்சள் கலந்த பழுப்பு. பென்சில் கோடு மாதிரி இடுக்கி. அதைவிடத் தடித்த வால். நெஞ்சுத் தட்டு, முக்கோணம்.

டாக்டர் திருப்பி எழுதியது இரண்டே வரி. இனம் போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் பூத்திடே குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. டப்பாவைத் திறக்க வேண்டாம்.

தம்பி எனக்கு போன் செய்தபோது குரலே வரவில்லை. "அக்கா, நேத்து வரைக்கும் நான் அதோட டப்பாவுக்குள்ள விரலை விட்டுத்தான் பழைய பூச்சியை எடுத்துக்கிட்டிருந்தேன்..."

இதில் இன்னொரு சிக்கல். பிரிட்டனில் 1976-ம் ஆண்டு ஆபத்தான வன விலங்குகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் பூத்திடே குடும்பம் மொத்தமும் இருக்கிறது. சிங்கம், முதலைக்கு இருக்கும் அதே சட்டம்தான். உள்ளாட்சி நிர்வாகத்திடம் லைசென்ஸ் வாங்காமல் வைத்திருக்கக் கூடாது. எம்பரருக்கு அந்த லைசென்ஸ் தேவையில்லை. அதாவது, 2.5 செ.மீ. நீளக் குட்டி ஒன்றின் நெஞ்சுத் தட்டு முக்கோணமா, ஐங்கோணமா என்பதில்தான் சட்டப்படி வளர்ப்பதும் சட்டத்தை மீறுவதும் இருக்கிறது. ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் பையனுக்கு வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

"நான் வாங்கவே இல்லையேக்கா... எனக்கு ஏதும் பிரச்னை வருமா?"

டாக்டரே வழி சொன்னார். லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் பேசி, மறுநாளே ஆளை வரவழைத்தார். மூடியை டேப் போட்டு ஒட்டிய டப்பாவை இன்னொரு பெட்டிக்குள் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரி சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நாங்கள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தோம். இந்தக் கட்டுரையை சித்தி படிக்கும்போதுதான் தெரியப் போகிறது. சித்தி, ஸாரி!

ஹவுஸ்மேட் பொய் சொன்னானா? இல்லை. விசாரித்தால், இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் வாங்கியிருக்கிறான். ஒன்றின் டப்பாவில் 'எம்பரர்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் ஸ்டிக்கர் ஈரத்தில் அழிந்துவிட்டது. 'இதுவும் அதுதான்' என்று அவனே நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது.

முதல் டப்பா: உரித்த தோல் சொன்ன ரகசியம்

மிச்சம் இருந்தது சாக்லேட் குட்டி. இது எம்பரரா, ஆசியக் காட்டுத் தேளா?

இதில் அவசரமில்லை. இரண்டுக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். 25 முதல் 28 டிகிரி சூடு, 70 முதல் 80 சதவிகிதம் ஈரப்பதம், வளை தோண்ட ஆழமான மண், ஒளிந்துகொள்ள மரப்பட்டை, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். "அடுத்த தடவை தோலை உரிக்கும் வரை காத்திருங்க. தோலைக் குப்பையில போட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

மூன்றாவது வாரம் உரித்தது. தோல் உரித்த பிறகு சில நாள் உடம்பு மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் தேளைத் தொந்தரவு செய்யவே கூடாது. உயிருள்ள பூச்சியை உள்ளே போட்டால் அதுவே தேளைக் கடித்துவிடலாம். தம்பி உரித்த தோலை மட்டும் நீளமான இடுக்கியால் எடுத்தான்.

காய்ந்த தோல் அப்பளம் போல நொறுங்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வளைந்து கொடுக்கும். அதில்தான் மொத்த ஜாதகமும் இருக்கிறது. தேள் கையில் நிறைய முடிகள் இருக்கும். அவற்றில் சில, சாதாரண முடியில்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணத்துக்குள் நட்டு வைத்தது போல நிற்கும். காற்று லேசாக அசைந்தாலே தேளுக்குச் சொல்லிவிடும் உணர்முடிகள் அவை. எந்த இடத்தில் எத்தனை என்பது தேள்களை வகைப்படுத்தும் முக்கியமான கணக்கு. சீப்புப் பல் போலவே, இதுவும் பொதுவாக வளர வளர மாறுவதில்லை.

இடுக்கியின் அடிப்பக்கத்தில், ஆசியக் காட்டுத் தேளுக்கு இந்த உணர்முடிகள் நான்குதான். எம்பரருக்கு அதைவிட நிறைய. யுவி டார்ச் இங்கேதான் உண்மையிலேயே உதவியது. அந்த வெளிச்சத்தில் தோல் மின்னும்போது கிண்ணங்கள் தனித்துத் தெரிந்தன. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை மொபைல் கேமரா முன்னால் பிடித்து எடுத்தான் தம்பி. மங்கலான நாற்பது போட்டோக்களுக்குப் பிறகு ஒன்று சரியாக வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவ்வளவுதான்.

எம்பரர் இல்லை. ஆசியக் காட்டுத் தேள்!

"அதுல எந்த இனம்?" என்றான் தம்பி. அதை இப்போது சொல்ல முடியாது. கடைகளில் விற்கும் ஆசியக் காட்டுத் தேள்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது பல இனம். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரெண்டினி, லோரியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தேள்கள் மொத்தத்தையும் திரும்ப ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். அதுவரை 'ஹெட்டெரோமெட்ரஸ்' என்று ஒரே பேரினத்தில் கிடந்தவற்றைப் பலவாகப் பிரித்தார்கள். நம் ஊர்ப் பெரிய கறுப்புத் தேள்களை நட்டுவாக்காலி என்போமே, அந்தச் சொந்தத்தில் ஒன்றான, உலகின் மிகப் பெரிய தேள்களில் இடம்பெறும் சுவாமர்டாமி தேள் இப்போது 'ஜைகான்டோமெட்ரஸ்' என்ற புதுப் பேரினத்தில் இருக்கிறது. நிபுணர்களே இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதை, குட்டியின் மேல்பக்கப் போட்டோ ஒன்றை வைத்து யாராவது ஒரு நிமிஷத்தில் சொன்னால் சந்தேகப்படலாம். அது வளரட்டும். அம்மா அப்பா தேள்களின் போட்டோ, எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம் விற்றவரிடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பேர் தப்பானா தேளுக்கு என்ன நஷ்டம்?

நமக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். தேளுக்கும் இது உயிர்ப் பிரச்னை.

பாலைவனத் தேள் குட்டியை 'எம்பரர்' என்று நினைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தால், ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். காட்டுத் தேள் குட்டியைப் பாலைவனத் தேள் என்று நினைத்து மணலில் காயப்போட்டால், தோல் உரியாமல் பாதியில் சிக்கிச் செத்துப்போகும். இரண்டுமே குட்டிப் பருவத்தில்தான் அதிகம் நடக்கும். ஏனென்றால் குட்டிகள்தான் அடிக்கடி தோல் உரிக்கின்றன. தம்பி இரண்டு டப்பாக்களுக்கும் ஒரே அளவில்தான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது இன்னும் சில வாரம் தாங்கியிருக்குமா, தெரியாது.

நம்ம ஊர்ல இது எதுக்கு?

காரணம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் தேளை வளர்ப்பதில்லை. ஆனால், செங்கல் அடுக்கில் பிடித்த குட்டியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஸ்கூல் பையில் எடுத்துப் போகிற பையன்களை எனக்குத் தெரியும். 'குட்டிதானே, விஷம் ஏறியிருக்காது' என்பார்கள். குட்டிக்கும் கொடுக்கு உண்டு, விஷமும் உண்டு.

நம் செந்தேளின் அறிவியல் பெயரே 'ஹாட்டன்டோட்டா தமுலஸ்'. ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் விஞ்ஞானி 1798-ல் வைத்தது. வளர்ந்தாலும் சில அங்குலம்தான். கன்னங்கரேல் என்று உள்ளங்கை அளவு இருக்கும் நட்டுவாக்காலியைப் பார்த்து அலறுகிற நாம், செருப்புக்குள் இருக்கும் இந்தச் சின்னச் சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. உலகின் மிக ஆபத்தான தேள்களில் ஒன்று என்று மருத்துவர்கள் சொல்வது இந்தச் சின்னதைத்தான்.

மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்றொருவர், செந்தேள் கொட்டிக் குழந்தைகள் இறப்பதைப் பார்த்துப் பார்த்து, அதற்கு வழி தேடினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் 'பிரசோசின்' என்ற விலை குறைந்த மாத்திரை இதற்கும் வேலை செய்யும் என்று காட்டினார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கண்டுபிடிப்பு அது. கடுமையாக பாதிக்கப்பட்டு வந்தவர்களில் 30 சதவிகிதம் வரை இருந்த உயிரிழப்பு, 1 சதவிகிதம் அளவுக்கு இறங்கியது. 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மாத்திரையை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். நாமே வாங்கிப் போடுவது ஆபத்து.

தேள் கொட்டினால் கீறுவது, கட்டுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வலியோடு உடம்பு வியர்த்துக் கொட்டினால், கை கால் ஜில்லிட்டால், வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-க்குக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தேளை ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொன்று, இந்தியாவில் எம்பரர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு... 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ் 2.0' தளத்தில் பதிவு நடக்கிறது. ஆன்லைனில் 'குட்டி எம்பரர், டோர் டெலிவரி' என்று யாராவது சொன்னால், பேப்பர் எங்கே என்று கேளுங்கள். பேப்பர் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

* பெயர் தெரியாத குட்டித் தேள் எதுவானாலும், விஷமுள்ளது என்றே நடத்துங்கள். கையால் தொடாதீர்கள்.
* நிறம், வால் நுனி வெளுப்பு, யுவி மின்னல்... இவற்றை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள்.
* முதலில் குடும்பம். அடிப்பாகம் தெளிவான டப்பாவில் விட்டுக் கீழிருந்து ஒரு போட்டோ, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் வால் தெரிய ஒன்று, இடுக்கி க்ளோஸப் ஒன்று. பக்கத்தில் ஸ்கேல்.
* உரித்த தோலைப் பத்திரப்படுத்துங்கள். தேளுக்குத் தொல்லை இல்லாமல் எண்ணிப் பார்க்க அதுதான் வழி.
* வாங்கிய இடம், தேதி, பெற்றோர் தேளின் போட்டோ, சொந்த நாடு... இவற்றை எழுதி வையுங்கள். அழியாத மையில்!
* வேறொருவருக்குக் கொடுக்கும்போது, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிக் கொடுங்கள்.

போன வாரம் தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். சாக்லேட் குட்டி இப்போது இன்னும் கறுத்து, கொஞ்சம் தடித்திருக்கிறது. மூடியில் புது ஸ்டிக்கர். 'எம்பரர்' என்பதை அடித்துவிட்டு, பெர்மனென்ட் மார்க்கரில் எழுதியிருக்கிறான்.

'ஆசியக் காட்டுத் தேள். இனம் இன்னும் தெரியாது. கடைசியாகத் தோல் உரித்தது: நவம்பர் 6.'

ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்கான் பாரு... புத்தி வந்துருச்சு" என்றார்.

இரண்டாவது டப்பாவிலிருந்த குட்டியின் பெயர் இன்று வரை எங்களுக்குத் தெரியாது. லைசென்ஸ்காரர் வீட்டில் அது நன்றாகச் சாப்பிடுகிறதாம்.

உங்கள் வீட்டிலும் இப்படித் தூக்கத்தைக் கெடுத்த சந்தேகம் இருக்கிறதா? கமென்ட்டில் சொல்லுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்!